சிஸ்டர் பதில்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு போன் போகிறது?

போன இதழில் ஒரு வாசகர், மருத்துவமனை மேலாளர்களுக்கு உணர்வுசார் நுண்ணறிவு (ஈ.கியூ., அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டுகொண்டு கையாளும் திறன்) தேவையா, அதனால் வேலை உண்மையிலேயே நன்றாக நடக்குமா என்று கேட்டிருந்தார். தேவைதான், ஆனால் இனிக்க இனிக்கப் பேசுவதற்குப் பெயர் அது இல்லை என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்குத் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லோருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் பகுதியை மட்டும் போட்டிருக்கிறேன். நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆகி, நிர்வாக மேலாளராக ஓய்வு பெற்றவள். எல்லாமே வடசென்னையில்தான். பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

திருவொற்றியூர் வாசகர்: சிஸ்டர், நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன்ஸ் மேனேஜர். சத்தம் போட்டால்தான் என் இடத்தில் வேலை நடக்கிறது. பெட் சீக்கிரம் காலியாகிறது, தரை சுத்தமாக இருக்கிறது. நான் வந்த பிறகு, தவறுகளைப் பதியும் இன்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஒரு பதிவுகூட இல்லை. ஆனாலும் ஹெச்.ஆர். என்னை உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். சிரித்துப் பேசினால் வேலை நடக்குமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த ரிஜிஸ்டர்தான். ராத்திரி பகலாக மருந்தும் ஊசியும் கைமாறும் இடத்தில் ஒரு தவறுகூட நடக்கவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். நடந்துகொண்டிருக்கிறது, உங்கள் காதுக்கு வரவில்லை.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆராய்ந்து 1996-ல் எழுதினார். தலைமை நன்றாக இருக்கும் வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல இன்சார்ஜ் இருந்த வார்டுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தால், அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, பயமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். அதட்டும் இன்சார்ஜ் இருந்த இடத்தில் மூடி மறைத்திருக்கிறார்கள்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு அளவில் வருகிறது, ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட். சிரிஞ்சும் அதற்குத் தகுந்தபடி தனித்தனி. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஒரு நாள் நைட் டியூட்டியில் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண், 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு இழுத்துப் போட்டுவிட்டாள். இருபது யூனிட் போக வேண்டிய உடம்பில் ஐம்பது யூனிட் போய்விட்டது. டிரேயில் ஊசியை வைக்கும்போது மூடியின் நிறத்தைப் பார்த்திருக்கிறாள். அடுத்த நிமிஷமே இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றாள், வாய் பேச வரவில்லை, கையில் பாட்டிலையும் சிரிஞ்சையும் நீட்டினாள். அந்த சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, “பேஷண்ட் சாப்பிட்டாச்சா?” இரண்டாவது, “டியூட்டி டாக்டர் எங்கே இருக்கார்?” அவ்வளவுதான். ‘கண்ணு எங்கே வெச்சிருந்தே’ என்ற வார்த்தை அன்றைக்கு அந்த வார்டில் கேட்கவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றி, மணிக்கொரு தரம் சுகர் பார்த்து, பெரியவர் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வகைப் பாட்டிலும் ஃபிரிட்ஜில் ஒரே டிரேயில் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அன்று சாயங்காலமே தனித்தனியாக மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்சார்ஜ் மேல் பயம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விடியற்காலை நான்கு மணிக்குப் பெரியவர் வியர்த்துக் கொட்டி நினைவில்லாமல் கிடப்பதை யாராவது பார்த்திருப்பார்கள், காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது. ஹெச்.ஆர். பெரிய பெயர் வைத்துச் சொல்லும் விஷயம் எனக்கு அந்த சிஸ்டரின் முதல் கேள்விதான். அவருக்கும் பதற்றம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எதிரில் நிற்கிறவளின் பதற்றத்தைப் பார்த்து, வேலைக்கு வேண்டியதைக் கேட்டார்.

இன்னொன்று. இஸ்ரேலில் 2015-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்களும் நர்ஸ்களும் பயிற்சிக்காக ஒரு பொம்மைக் குழந்தைக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நிபுணர் என்று சொல்லப்பட்டவர் சில குழுக்களிடம் மட்டம் தட்டிப் பேசினார், மற்ற குழுக்களிடம் சாதாரணமாகப் பேசினார். மட்டம் தட்டப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கையால் செய்யும் வேலையிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் உதவி கேட்பதும் தகவல் சொல்வதும் குறைந்திருந்தது. ஒரு சில வார்த்தைக்கே இப்படி என்றால், தினமும் கேட்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

தரையைச் சத்தம் போட்டுச் சுத்தமாக வைக்கலாம், உண்மைதான். ஆனால் தரை துடைக்கும் அம்மாதான் மூன்றாம் பெட் தாத்தா கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பதை முதலில் பார்ப்பார். உங்களைக் கண்டதும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறவராக இருந்தால், அந்தத் தகவல் உங்களுக்கு வராது.

பயிற்சிக்குப் போய்விட்டு வாருங்கள். அதோடு, தினமும் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு வார்டிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: “நேத்து ராத்திரி கொஞ்சத்துல தப்பிச்சது எது?” யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லுங்கள், விசாரணை அப்புறம். ரிஜிஸ்டர் நிரம்ப ஆரம்பிக்கும். எம்.டி. பதறுவார், அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

கொடுங்கையூர் வாசகர்: எம்.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறேன் மேடம். இணையத்தில் ஈ.கியூ. தேர்வு எழுதினேன், மிக அதிக மதிப்பெண் வந்தது. அதை பயோடேட்டாவில் போடலாமா? ஈ.கியூ. அதிகமாக இருந்தால் வேலைத்திறனும் அதிகமாக இருக்கும் என்பது நிரூபிக்கப்பட்டதா?

போட வேண்டாம். நீங்கள் எழுதியது ‘நான் பிறர் மனதைப் புரிந்துகொள்பவன், ஆம், இல்லை’ என்ற மாதிரி, நம்மைப் பற்றி நாமே மார்க் போடும் தேர்வாக இருக்கும். 2014-ல் ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், இந்தத் திறன் மிகக் குறைவாக இருந்தவர்கள்தான் தங்களை அதிகமாக மிகைப்படுத்தி மதிப்பிட்டார்கள். குறையை எடுத்துக்காட்டியபோது அளவுகோலைத்தான் சந்தேகித்தார்கள், திருத்திக்கொள்வதில் ஆர்வம் காட்டவில்லை. உங்களை அப்படி என்று சொல்லவில்லை. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரையும் எடைபோட முடியாது என்கிறேன்.

நிரூபிக்கப்பட்டதா என்று கேட்டது நல்ல கேள்வி. பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் 1990-ல் இந்தக் கருத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். உணர்வைக் கண்டுகொள்வது, சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, கையாள்வது என்று நான்கு கிளையாகப் பின்னர் பிரித்தார்கள். அப்புறம் நூற்றுக்கணக்கில் ஆய்வுகள். 2011-ல் ஓ’பாய்ல் குழுவினர் அவற்றைத் தொகுத்தபோது, வேலைத்திறனோடு உள்ள தொடர்பு (முழுத் தொடர்பு என்றால் 1) 0.24-லிருந்து 0.30 வரை வந்தது. புள்ளியியல் படித்திருப்பீர்கள். 0.30 என்றாலும் ஆளுக்கு ஆள் வேலையில் தெரியும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அது விளக்குகிறது. இருக்கிறது, ஆனால் ஊதிப் பெருக்கும் அளவுக்கு இல்லை.

எந்த வேலை என்பதையும் பார்க்க வேண்டும். ஜோசப், நியூமன் இருவரும் 2010-ல் தொகுத்தபோது, நாள் முழுக்க மனிதர்களின் உணர்வோடு மல்லுக்கட்டும் வேலைகளில் பலன் தெரிந்தது, அப்படி இல்லாத வேலைகளில் தெரியவில்லை. மருத்துவமனை மேலாளர் வேலை இரண்டும் கலந்தது. மருத்துவக் கழிவில் மஞ்சள் பையில் எது போகும், சிவப்பில் எது போகும், எக்ஸ்ரே அறைக்கு யாரிடம் உரிமம் வாங்க வேண்டும், ஆக்ஸிஜன் சிலிண்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. அது தெரியாமல் எவ்வளவு பரிவு இருந்தும் நோயாளிக்குப் பயனில்லை. நல்ல மனசுக்காரர்களைப் பதவியில் வைத்துவிட்டு ரோஸ்டர்கூடப் போடத் தெரியாமல் வார்டு திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். காலை ஓ.பி. நேரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் போய், பழைய ஜெயில் ரோட்டு வாசலுக்கு அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் வருவார்கள். சீட்டை எந்தக் கையில் பிடித்திருக்கிறார்கள், வழி கேட்க யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதில் புரியாதபோதும் புரிந்த மாதிரி எப்படித் தலையாட்டுகிறார்கள் என்று பாருங்கள். இன்டர்வியூவில் ஈ.கியூ. பற்றிக் கேட்டால் அங்கே பார்த்ததைச் சொல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி: என் கணவர் மருத்துவமனை மேனேஜர். வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. சாப்பிடும்போதும் போன். கேட்டால் “உனக்குப் புரியாது” என்கிறார்.

உங்களுக்குப் புரியும் அம்மா, அவருக்குச் சொல்லத் தெம்பில்லை. வந்தவுடன் “என்ன ஆச்சு” என்று கேட்காமல், குளித்துச் சாப்பிடும் வரை விட்டுவிடுங்கள். போன் விஷயத்தை மட்டும் விடாதீர்கள். ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை வரும் அழைப்புகளை நைட் சூப்பர்வைசர் எடுக்கலாம் என்று அவர் ஒரு உத்தரவு போட்டால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் மேனேஜர் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்கும். நடக்கவில்லை என்றால் அதுவே அவர் சரிசெய்ய வேண்டிய முதல் கோளாறு.

காசிமேடு வாசகர்: நான் ஆஸ்பத்திரியில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) சிஸ்டர். ஒரு பேஷண்டுக்கு பதினைந்து பேர் வந்து நிற்கிறார்கள். டிஸ்சார்ஜ் லேட் ஆனால் சத்தம், பில் பார்த்தால் சத்தம். போன மாதம் கவுன்டர் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். பவுன்சர் போடச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறேன். சரிதானே?

கண்ணாடி உடைத்தது குற்றம், அதில் சந்தேகமே வேண்டாம். மருத்துவமனையையும் ஊழியர்களையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுங்கள், அந்த கவுன்டர் பெண்ணோடு நீங்களே ஸ்டேஷனுக்குப் போங்கள். ஆனால் பவுன்சர் மட்டும் போட்டால் அடுத்த முறை சண்டை வாசலில் நடக்கும்.

அந்தப் பதினைந்து பேர் யார் என்று பாருங்கள். கடலுக்குப் போகிற வீட்டில் ஒருவர் விழுந்தால் ஒரே படகில் போகிற எல்லோரும் வருவார்கள். துணை நிற்கத்தான் வருகிறார்கள். தகவல் இல்லாமல் பிளாஸ்டிக் நாற்காலிகூட இல்லாமல் நாலு மணி நேரம் நிற்க வைத்தால் துணை வந்தது கூட்டமாகிவிடும். வந்த உடனே, “வீட்டில் முடிவு எடுக்கிறது யாரு?” என்று கேளுங்கள். பல நேரம் முன்னால் நின்று கத்துகிற பையனாக இருக்காது, பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் ஆயாவாக இருக்கும். அவரிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் இத்தனை மணிக்கு வந்து உங்களிடம் பேசுவார் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்றாலும் வந்து ‘அப்படியேதான் இருக்கார்’ என்று சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் விடியற்காலையில் மீன் ஏலம். பெண்கள் வியாபாரம் முடித்துத்தான் வர முடியும். ஐசியூ தகவல் நேரத்தைக் காலை ஏழுக்கு வைத்திருந்தால் பதினொன்றுக்கு மாற்றுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் அப்போது வருமானம் நின்றுபோகும். அந்த நாட்களில் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு “நாற்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க” என்றால் பதில் எப்படி வரும்? தினமும் மத்தியானம் ‘இதுவரை இவ்வளவு ஆகியிருக்கிறது, நாளைக்கு இவ்வளவு ஆகலாம்’ என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று அட்மிஷன் அன்றே கேளுங்கள். கடைசி நாள் கேட்டால் அது உதவி மாதிரி தெரியாது.

டிஸ்சார்ஜ் தாமதம் நம் பக்கத்துக் குற்றம், ஒப்புக்கொள்ள வேண்டும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் “போகலாம்” என்று சொல்லிவிடுகிறார். சம்மரி டைப் ஆகி, மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பி, பில் போட்டு, இன்ஷூரன்ஸ் அனுமதி வருவதற்குள் விளக்கு வைத்துவிடுகிறது. வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள். காப்பீட்டு நிறுவனம் டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி கொடுக்க வேண்டும், தாமதத்தால் ஏறும் செலவை அந்த நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. அதைக் காட்டிக் கேளுங்கள். நம் பங்குக்கு முந்தின நாள் சாயங்காலமே சம்மரியைத் தயார் பண்ணலாம்.

ஒருவர் இறந்துவிட்டால் மட்டும் பி.ஆர்.ஓ.வைத் தனியாக அனுப்பக் கூடாது என்று நிர்வாகத்திடம் உறுதியாகச் சொல்லுங்கள். மூத்த டாக்டர் வர வேண்டும், மேனேஜர் கூட நிற்க வேண்டும். கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை இருக்கிறது. கதவு சாத்திய அறையில் உட்கார வைப்பது, அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்பது என்று தொடங்கும். “எங்களால முடிஞ்சதைப் பண்ணினோம்” என்று ஆரம்பித்து இழுக்கக் கூடாது. “இறந்துட்டார் அம்மா” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். அழட்டும். அந்த அறையில் பில் என்ற சொல்லே வரக் கூடாது. பாக்கிக்காக உடலைப் பிடித்து வைப்பது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்துக்கே விரோதம். எனக்கு அதைவிட, அது மனிதர் செய்கிற காரியம் இல்லை. பாக்கியைப் பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு போய்க் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், எங்கள் மக்களை எனக்குத் தெரியும்.

பெரம்பூர் வாசகி: வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன் சிஸ்டர். டாக்டரிடம் சிரிப்பு, அட்டெண்டரிடம் சிரிப்பு, மேனேஜ்மென்டிடம் சிரிப்பு. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?

லாயக்கில்லாதவர் இப்படிக் கேட்கமாட்டார் அம்மா. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983-லேயே இதை ஓர் உழைப்பு என்று எழுதினார்: சம்பளத்துக்காக முகத்தையும் உணர்வையும் ஏற்பாடு செய்வது. உள்ளே கொதிக்கும்போது வெளியே சிரிப்பை ஒட்டிக்கொள்வது ஒரு வகை. எதிரில் இருப்பவரின் நிலையை நினைத்து, உள்ளேயே கொஞ்சம் இளகிப் பேசுவது இன்னொரு வகை. முதல் வகைதான் ஆளைக் கரைக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகளும் தொடர்ந்து சொல்கின்றன.

அதனால் எல்லோருக்கும் சிரிக்க வேண்டாம். நோயாளிக்குக் கொடுங்கள். மேனேஜ்மென்ட் கூட்டத்தில் சிரிக்காமல், “ராத்திரி முப்பது பேஷண்டுக்கு இரண்டு நர்ஸ் போதாது” என்று சாதாரண முகத்தோடு சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறையை மனசைத் திடப்படுத்திக்கொண்டு சமாளிக்கச் சொல்லும் எந்தப் பயிற்சியிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆள் போட வேண்டும்.

வார்டில் ஒரு மரணம் நடந்தால் உடனே அடுத்த பெட்டுக்கு ஓடாதீர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்: சிகிச்சை கொடுத்த எல்லோரும் இறந்தவரின் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிஷம் அமைதியாக நிற்பது. அதற்குச் செலவு இல்லை, அனுமதி வேண்டாம். நீங்கள் இன்சார்ஜ், நீங்களே தொடங்கலாம்.

வியாசர்பாடி வாசகர்: ஐம்பது படுக்கை மருத்துவமனை நடத்தும் மருத்துவர் நான். பொது மேலாளர் பதவிக்கு உள்ளேயே இரண்டு பேர். ஒருவர் கணக்கில் கெட்டிக்காரர், வருமானம் கூட்டியவர். மற்றவரை எல்லோருக்கும் பிடிக்கும். யாரைத் தேர்ந்தெடுப்பது?

வணக்கம் டாக்டர். எல்லோருக்கும் பிடிக்கும் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்லாதவரையும் எல்லோருக்கும் பிடிக்கும். வருமானத்தை வைத்தும் வேண்டாம். அவர் பிரிவில் இரண்டு வருஷத்தில் எத்தனை ஸ்டாஃப் நர்ஸ் வேலையை விட்டார்கள் என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். புதிய ஆளைப் பிடித்துப் பழக்கும் செலவு வருமானக் கணக்கில் தெரியாது.

நைட் டியூட்டி ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது தப்பாகிவிட்டால் இந்த இரண்டு பேரில் யாருக்கு போன் பண்ணுவீர்கள்? நர்ஸ், லேப் டெக்னீஷியன், செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் டிரைவர், எல்லோரிடமும். பெரும்பாலானவர்கள் சொல்லும் ஆளுக்குக் கணக்கு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, ஒரு நல்ல அக்கவுன்டன்ட்டைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பேருக்கும் போகாது, நேராக உங்களுக்குத்தான் பண்ணுவோம் என்று சொன்னார்களானால், வெளியிலிருந்து ஆள் எடுங்கள்.